நிறம் குறைவு, காணி கூட

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

போன மாதம் ‘தி எயரெஸ்’ என்ற பழைய ஆங்கிலப் படத்தைப் பற்றி நாலைந்து வரி எழுதியிருந்தீர்கள். அதை வாசித்துவிட்டு நானும் சித்தியின் மகளும் போனில் இரண்டு இரவாகப் பார்த்து முடித்தோம். உங்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அந்த டொக்டர் அப்பாவைக் கொடுமைக்காரன் என்று எழுதிவிட்டீர்கள். ஏன்? மகளைக் கேட்டு வந்த மொறிஸ் காசுக்கு வந்தவன். அப்பா அதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தார். கடைசியில் அவர் சொன்னபடிதானே நடந்தது?

எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. குளத்துக்குக் கீழே எங்களுக்கு மூன்று ஏக்கர் வயல், அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் தந்த பேமிற் காணி. எனக்கு ஒரு தம்பி, நான் ஒரே பெண்பிள்ளை. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு சம்பந்தம் வந்தது. சீதனமும் வேண்டாம், மாப்பிள்ளை வீட்டுக்குக் கையில் கொடுக்கிற டொனேசன் காசும் வேண்டாம், பிள்ளையைத் தந்தால் போதும் என்றார்கள். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. இரண்டாம் தரம் வந்தபோது அவருடைய மாமா, “பேமிற் ஆற்ற பேரில இருக்கு?” என்று கேட்டார். அப்பா குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார், “இது சரிவராது” என்று எழும்பிவிட்டார். ஒரு வருடம் நான் அப்பாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதமே பிரதேச செயலகத்துக்குப் போய், தனக்குப் பிறகு வயல் எனக்கு என்று என் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார். அந்த மனிதர் பிறகு வேறிடத்தில் கலியாணம் செய்தார். அந்தப் பிள்ளையின் நகை முழுக்க இப்போது அடகில் என்று கேள்வி.

என் அப்பா சரி என்றால் அந்த அப்பாவும் சரிதானே அக்கா? இன்னொன்று, படத்தின் கடைசியில் மகள் கதவைப் பூட்டியது வெற்றிதானே? நாங்கள் இரண்டு பேரும் கை தட்டினோம்.

ஒரு வாசகி,
கிளிநொச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு கிழமை. அறுவடை நேரம், மெஷின்காரனுக்குப் பின்னால் திரிந்ததில் பதில் பிந்திவிட்டது, குறை நினைக்க வேண்டாம். படம் பார்க்காதவர்களுக்காக முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1840களை ஒட்டிய நியூயோர்க், வொஷிங்டன் சதுக்கத்தில் பெரிய வீடு, பெயர் பெற்ற டொக்டர் ஸ்லோப்பர், மனைவி செத்துப்போனவர், ஒரே மகள் கத்தரின். வெட்கப்படுகிற, அழகில்லாதவள் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்ட பிள்ளை. தாய்வழியில் வருடத்துக்குப் பத்தாயிரம் டொலர் வருமானம் அவள் பெயரில் இருக்கிறது. தகப்பன் கண்ணை மூடினால் இன்னும் இருபதாயிரம் வரும். தன் பங்குக் காசை ஐரோப்பாவில் தின்று முடித்துவிட்டு, தமக்கை வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிற மொறிஸ் என்ற வடிவான பொடியன் அவளைக் கேட்டு வருகிறான். 1880 இல் ஹென்றி ஜேம்ஸ் எழுதிய நாவல், அதிலிருந்து ஒரு மேடை நாடகம், அதிலிருந்து 1949 இல் வில்லியம் வைலரின் படம். கத்தரினாக நடித்த ஒலிவியா டி ஹவிலண்டுக்கு ஒஸ்கார் கிடைத்தது.

சரி, உங்கள் வழக்குக்கு வருவோம். மொறிஸ் விஷயத்தில் டொக்டர் சொன்னது முழுக்க உண்மை, அதில் நான் உங்களோடு சண்டை பிடிக்கவில்லை. தகப்பனின் இருபதாயிரம் இல்லாவிட்டாலும் பத்தாயிரம் அவள் கையில் நிற்கிறது, அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் ராசா மாதிரி வாழலாம். அதுவும் போதாது என்றுதானே கூட்டிக்கொண்டு ஓடுகிறேன் என்று சொன்ன இரவில் வராமல் கலிபோர்னியாவுக்குக் கப்பல் ஏறினான்? தகப்பன் பயந்ததற்குச் சட்டத்திலும் காரணம் இருந்தது. நியூயோர்க்கில் 1848 இல் சட்டம் மாறும்வரை கலியாணம் செய்த பெண்ணின் காசு புருஷன் கைக்குப் போய்விடும். இந்த இடத்தில் வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான எங்கள் தேசவழமை எவ்வளவோ மேல். 1707 இல் ஒல்லாந்தர் அதை எழுதி வைத்தபோதே தாய்வழிச் சீதனம் மகளுடைய சொத்தாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காணியை அவள் விற்கப் போனால் புருஷனின் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆக, பேமிற் ஆற்ற பேரில என்று கேட்ட மாமா சும்மா கேட்கவில்லை.

நான் கொடுமை என்று எழுதியது வேறு இடத்தை. சிவப்புச் சட்டைக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? தொடக்கத்திலேயே வரும். விருந்துக்குப் போக கத்தரின் ஒரு செக்கச்செவேல் என்ற உடுப்பைத் தைப்பித்துப் போட்டுக்கொண்டு தகப்பனுக்குக் காட்ட வருகிறாள். அம்மாவுக்குப் பிடித்த நிறம் என்று ஆசையாகச் சொல்கிறாள். அவர் பார்க்கிறார், குரலை உயர்த்தவில்லை, உன் அம்மா வெள்ளை, அந்த நிறத்தை அவள் ஆண்டாள் என்ற மாதிரி ஒரு வசனம். அவ்வளவுதான். மொறிஸ் இன்னும் கதைக்குள்ளேயே வரவில்லை, அதற்குள் பிள்ளை செத்துவிட்டது. அத்தையோடு தனியாக இருந்தால் பகிடி விடுகிற பெண் அவள், தகப்பன் உள்ளே வந்தவுடன் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும், அதையும் கவனித்துப் பாருங்கள். (படம் கறுப்பு வெள்ளை. அந்தச் சிவப்பை நாங்கள் யாரும் கண்டதில்லை. ஆனாலும் எனக்கு அந்தச் சட்டை சிவப்பாகத்தான் ஞாபகம் இருக்கிறது.)

எனக்கு ஏன் அந்த இடம் இவ்வளவு குத்துகிறது என்றால், எனக்கு இருபத்துநாலு வயதில் எங்கள் வீட்டுக்கும் தரகர் வந்தார். நான் குசினிக்குள் தட்டத்தில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று நிற்கிறேன். விறாந்தையில் அப்பாவின் குரல் கேட்கிறது: “பிள்ளை நிறம் கொஞ்சம் குறைவு, அதுக்குக் காணி கூட எழுதலாம்.” மாட்டுக்குப் பல் பார்க்கிற நேரம் கதைக்கிற அதே குரல், கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. என் அக்கா வெள்ளை, அவளுக்கு அரை ஏக்கரோடு முடிந்தது. எனக்கு ஒன்றரை. அந்த ஒரு ஏக்கர் வித்தியாசத்தை நான் முப்பது வருடமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன், பெரும்போகத்துக்கு நல்லாகத்தான் விளைகிறது.

அப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். 2009 இல் போரின் கடைசியில் எல்லாவற்றையும் விட்டு இடம் இடமாக ஓடினபோது, இரண்டு பிள்ளைகளின் காணி உறுதிகளையும் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வட்டுவாகல் பாலத்தைக் கடந்த மனிதர். பங்கருக்குள்ளும் அதை அவிழ்க்கவில்லை. தனக்கு மாற்றுச் சாரம் ஒன்று எடுக்கவில்லை. அவருக்கு எங்களில் அன்பு இல்லை என்று எவராவது சொன்னால் அடிக்கப் போவேன். அந்த டொக்டரிலும் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு, ரால்ஃப் ரிச்சர்ட்சன் அப்படி நடித்திருக்கிறார், செத்த மனைவியை நினைக்கிற இடங்களில் மனிதர் உண்மையிலேயே நொந்துபோனவர் என்று தெரியும். ஆனால் அந்த நோவுக்கு மருந்தாக மகளைத் தினமும் தாயோடு நிறுத்துப் பார்க்கிறார், தராசு ஒருநாளும் அவள் பக்கம் சாய்வதில்லை.

ஐரோப்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் மாதக்கணக்காகச் சுற்றிக் காட்டியும் அவள் மொறிஸை மறக்கவில்லை என்று கண்டு, வீட்டுக்கு வந்த பிறகு வாய்விட்டே சொல்லிவிடுகிறார். உன்னில் என்ன இருக்கிறது என்று அவன் வருவான், நூறு பெண்கள் உன்னைவிட வடிவு, ஆயிரம் பெண்கள் உன்னைவிடக் கெட்டித்தனம், உன்னில் உள்ளது காசு மட்டும். பிறகு யோசித்து ஒன்றைச் சேர்க்கிறார், பூத்தையல் நன்றாகப் போடுவாய் என்று. அந்தக் கடைசி வரியைக் கேட்டுவிட்டு நான் போனை நிப்பாட்டிவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். மொறிஸ் திருடன் என்று சொல்ல வந்தவர், உன் வீட்டில் திருட வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஓடிப்போகிற இரவில் அவன் வராதபோது, அவளுக்கு அவன் துரோகி என்பது மட்டும் விளங்கியிருந்தால் அழுது எழும்பியிருப்பாள். அப்பா சொன்னது சரி, என்னில் ஒன்றும் இல்லை என்பதும் சேர்ந்து விளங்குகிறதே, அதுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறுவாளே, பெட்டி வெறுமையாக இருந்ததால் வைலர் அதற்குள் பாரம் போட்டுத் திரும்ப ஏறச் சொன்னார் என்று ஒரு கதை சொல்வார்கள். அந்த ஏற்றத்தைப் பார்த்தால் நம்பலாம்.

(அத்தை லவினியாவை மறந்துவிட்டேன். எங்கள் ஊரில் அவருக்கு வேலை அதிகம் இருக்கும். அவன் வராமல் விட்டதற்கு, சொத்து கிடைக்காது என்று முன்கூட்டிச் சொன்ன உன்னில்தான் பிழை, கொஞ்சம் கெட்டித்தனமாக நடந்திருக்கலாமே என்று மருமகளுக்குப் பேச்சு. தரகுக் காசு வாங்காத தரகர்.)

இப்போது உங்கள் அப்பாவை எடுப்போம். சந்தேகம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். உங்கள் அப்பா தேத்தண்ணியைக் கீழே வைத்தார், வந்தவர்களுக்கு முகத்துக்கு நேரே பதில் சொன்னார். உங்களிடம் வந்து, உன்னில் என்ன கிடக்கு எண்டு அவன் வந்தவன் என்று கேட்கவில்லை. ஒரு வருடம் நீங்கள் முகம் கொடுக்காமல் இருந்தும் கேட்கவில்லை. அப்புறம் அவர் செய்த வேலை இருக்கிறதே, நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அது ஒரு பக்கம். பேமிற் காணிக்கு 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டம். உரிமைக்காரன் பெயர் பதியாமல் செத்தால், பிள்ளைகளில் முதலில் ஆண்பிள்ளை என்றுதான் அதன் பட்டியல் இருந்தது, 2022 இல்தான் திருத்தினார்கள். தம்பி இருக்கும்போது மகளின் பெயரைப் பதிய ஒரு தகப்பன் கந்தோர் வாசலில் எத்தனை நாள் நின்றிருப்பார், ஊரில் எத்தனை பேர் என்ன விசர் வேலை என்று கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். டொக்டர் ஸ்லோப்பர் சொத்தைத் தரமாட்டேன் என்று சொல்லி மகளை அடக்கப் பார்க்கிறார். உங்கள் அப்பா மகள் கோபமாக இருக்கிற நேரத்திலேயே அவள் பெயரைப் பதிந்துவிட்டு வருகிறார். நீங்கள் அதற்குப் பிறகு அந்த மனிதரையே கட்டியிருந்தாலும் அப்பாவுக்குப் பிறகு வயல் உங்களுக்கு என்றுதான் பதிந்திருந்தது. இவர்கள் இரண்டு பேரையும் ஒரே ஆள் என்று எப்படி எழுதினீர்கள்?

கதவைப் பூட்டியது வெற்றியா என்று கேட்டீர்கள். முதல் தரம் நானும் கை தட்டினேன். வருடங்களுக்குப் பிறகு மொறிஸ் திரும்பி வருகிறான், அவள் நம்பினமாதிரி நடிக்கிறாள், அவனுக்கென்று முன்பு பாரிஸில் வாங்கிய மாணிக்கக் கற்பொத்தான்களைக் கொடுத்து அனுப்புகிறாள், பெட்டி கட்டிக்கொண்டு வந்தவனுக்குக் கதவுக்கு நாதாங்கி. அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கதவைத் தட்டத் தட்ட, அவள் விளக்கோடு படியேறுகிறாள். நல்ல காட்சி, சந்தேகமில்லை. இரண்டாம் தரம் பார்க்கும்போது அவள் குரலைக் கேட்டேன். குரல் உயரவில்லை. சொற்களை எண்ணி எண்ணி வைக்கிறாள். கொடுமை செய்யத் தனக்குப் படிப்பித்தவர்கள் பெரிய வாத்திமார் என்ற பொருளில் அத்தைக்கு ஒரு பதில் வேறு. தகப்பன் செத்து அடக்கம் செய்தாயிற்று, ஆனால் அன்றைக்கு அந்தப் படியில் விளக்கோடு ஏறியது அவர்தான் என்று எனக்குப் பட்டது. நாவலில் நாதாங்கியும் இல்லை, தட்டலும் இல்லை. அவன் வந்து கேட்கிறான், முடியாது என்கிறாள், போகிறான், அவள் தன் தையலை எடுத்துக்கொண்டு உட்காருகிறாள். எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும். நீங்கள் கை தட்டியதில் பிழையில்லை, 31 வயதில் நானும் படத்தின் பக்கம்தான் நின்றிருப்பேன். உங்கள் வயதை நானாக ஊகித்தேன், பிழை என்றால் மன்னிக்கவும்.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் தேடினேன், காணவில்லை. “இது சரிவராது” என்று எழும்ப முதல் அப்பா உங்களைப் பார்த்தாரா? உங்களுக்கு அவரைப் பிடித்திருந்தது அப்பாவுக்குத் தெரியுமா? அந்த ஒரு வருடத்தில் நீங்களும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை என்றுதான் படுகிறது. எங்கள் வீடுகளில் உறுதியில் எழுதுவோம், வாயால் கதைக்க மாட்டோம். என் அப்பா போய் ஆறு வருடம், அந்த ஒரு ஏக்கரைப் பற்றி நான் அவரிடம் கேட்கவே இல்லை.

உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அறுவடை முடிந்து மனிதர் கொஞ்சம் ஆறியிருக்கிற ஒரு பின்னேரம் அந்தப் படத்தை அவரோடு இருந்து பாருங்கள். இங்கிலிஷ் விளங்காது என்பார், நீங்கள் சொல்லிக்கொடுங்கள். முழுக்க வேண்டாம், சிவப்புச் சட்டை வருகிற வரைக்கும் போதும். அந்த இடத்தில் படத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா