நாத்தனார் அரசு வீட்டுக்கு மனு போடலாமா?

கேள்வி: என் கணவர் 20 வருடம் பாண்ட் (வீட்டுக் கடன்) கட்டி, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள வீட்டைச் சொந்தமாக்கினார். விதவையான என் நாத்தனார் இரண்டு பிள்ளைகளோடு எங்கள் அவுட்பில்டிங்கில் (வீட்டோடு சேர்ந்த தனிக் கட்டடம்) இருக்கிறார். கடையில் அரைநாள் வேலை. ஆர்டிபி வீட்டுக்கு (ஏழைகளுக்கு அரசு இலவசமாகக் கட்டித் தரும் வீடு) மனு போடப் போகிறேன் என்று நாத்தனார் சொன்னதும், "உழைக்காமல் வீடா? மானம் போகும்" என்று என் கணவர் கத்துகிறார். அரசு இப்படி இலவசமாக வீடு கொடுப்பது சரியா?
- ஒரு வாசகி, டர்பன்

பதில்: சரிதான் சகோதரி. நாத்தனார் கட்டாயம் மனு போடட்டும்.

உங்கள் கணவரின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சாட்ஸ்வொர்த் எப்படி வந்தது என்று அவரையே கேளுங்கள். 1960களில் நம் இந்திய மக்களை அங்கே கொண்டுபோய் வைத்ததும் அரசுதான், அதுவும் பலவந்தமாக. என் தாத்தா நகராட்சித் தொழிலாளி. நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாராக்ஸில் இருந்தவரை நடந்தே வேலைக்குப் போய்வருவார். சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிய பிறகு விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும், சம்பளத்தில் ஒரு பங்கு பஸ்ஸுக்கே போகும். பாட்டி சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். நிலத்தையும் வீட்டையும் சட்டம் போட்டுப் பிடுங்கிய நாடு இது. இன்று திருப்பிக் கொடுப்பதை எப்படிப் பிச்சை என்பது? வீட்டு வசதி பெறுவது எல்லோருக்கும் உரிமை என்று தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 26ஆம் பிரிவே சொல்கிறது.

எனக்குள்ள மனக்குறை வேறு. நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகு கட்டிய ஆர்டிபி வீடுகளில் நிறைய, நிலம் மலிவாகக் கிடைத்த ஊர் ஓரங்களில்தான் நிற்கின்றன. தாத்தா பட்ட அதே பாடு, இப்போது டாக்சிக் காசில். வேலைக்குப் பக்கத்தில் கொடு என்றுதான் நாம் சண்டை போட வேண்டும், கொடுக்காதே என்றல்ல.

சரி, நாத்தனார் விஷயம். குடும்ப வருமானம் மாதம் 3,500 ரேண்டுக்குள் இருக்க வேண்டும், இதற்குமுன் அவர் பெயரில் சொந்த வீடு இருந்திருக்கக் கூடாது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கணவரின் இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நீங்களே கூடப் போங்கள். வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும், அதுவரை அவுட்பில்டிங்கை விட்டுப் போகச் சொல்லாதீர்கள். வீடு கிடைத்தால் பத்திரம் அவர் பெயரில் கைக்கு வந்ததா என்று பாருங்கள். முதல் 8 வருடத்துக்குள் விற்பதென்றால் முதலில் அரசிடம்தான் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்க வேண்டும். அப்புறம், பட்டியலில் பெயரை மேலே ஏற்றுகிறேன் என்று யாராவது காசு கேட்டால் ஒரு சென்ட் கூடக் கொடுக்காதீர்கள். மனு போடக் கட்டணமே கிடையாது.