உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால்

கேள்வி: எங்கள் வீட்டில் இருந்த பழைய பாதரசத் தெர்மாமீட்டர், நான்கு வயதான என் மகனுக்குக் காய்ச்சல் பார்த்தபோது அவன் வாயிலேயே கடிபட்டு உடைந்துவிட்டது. கொஞ்சம் பாதரசத்தை அவன் விழுங்கியிருப்பான் என்று நினைக்கிறேன். மீதி படுக்கை அறைத் தரையில் முத்து முத்தாகச் சிதறியது. பதற்றத்தில் துடைப்பத்தால் கூட்டி, அறையிலிருந்த குப்பைக் கூடையில் போட்டுவிட்டேன். அவன் வழக்கம்போல விளையாடுகிறான். அவன் உடலில் விஷம் ஏறியிருக்குமா? இது நடந்ததிலிருந்து அலுமினியப் பாத்திரம், ஃபுளோரைடு பற்பசை, குளோரின் கலந்த குடிநீர் என்று எதைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது. இவற்றில் எதையெல்லாம் வீட்டிலிருந்து அகற்ற வேண்டும்?

பதில்: முதலில் உங்கள் மனத்தை அரிக்கும் கேள்விக்கே வருகிறேன். தெர்மாமீட்டரில் இருக்கும் பாதரசம் உலோக நிலையில் உள்ள பாதரசம். அது இரைப்பையில் உள்ள அமிலத்தில் கரைவதில்லை. ஆரோக்கியமான குடல் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூட உறிஞ்சிக்கொள்வதில்லை. விழுங்கிய துளி வயிற்றையும் குடலையும் கடந்து, சில நாட்களில் மலத்தோடு வெளியேறிவிடும். ஆகவே உங்கள் மகன் விழுங்கிய பாதரசத்தால் அவன் உடலில் விஷம் ஏறியிருக்கும் என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. அவனை வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; பேதி மருந்தும் தேவையில்லை.

பாதரசத்தைவிட அவன் வாயில் உடைந்த கண்ணாடியைப் பற்றித்தான் நான் முதலில் கேட்பேன். நல்ல வெளிச்சத்தில் அவன் உதடு, நாக்கின் அடிப்பகுதி, கன்னங்களின் உட்புறம், ஈறு ஆகியவற்றில் கீறலோ ரத்தக் கசிவோ இருக்கிறதா என்று பாருங்கள். விழுங்குவதற்கு வலிக்கிறது என்றாலோ, எச்சிலில் ரத்தம் தெரிந்தாலோ, வயிற்றுவலி வந்தாலோ, உடைந்த அந்த நேரத்தில் அவனுக்குப் புரையேறித் தொடர்ந்து இருமல் வந்திருந்தாலோ, தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பாதரசத் துளிகள் எக்ஸ்ரே படத்தில் பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும் என்பதால், அவை நுரையீரலுக்குள் போனதா, வயிற்றில் இருக்கின்றனவா என்பதை ஒரே படத்தில் சொல்லிவிடலாம்.

இனி, நீங்கள் அவ்வளவாகக் கவலைப்படாத இடத்துக்கு வருகிறேன். எனக்குக் கவலை அங்கேதான் இருக்கிறது. தரையில் சிதறிய பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே மெல்ல மெல்ல ஆவியாகிக்கொண்டிருக்கும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குடல் வழியாக ஏறக்குறைய நுழையவே முடியாத அதே உலோகம், ஆவியாகி மூச்சோடு உள்ளே போனால், நுரையீரல் அதில் சுமார் 80 சதவீதத்தை ரத்தத்துக்குள் அனுப்பிவிடுகிறது. ரத்தத்திலிருந்து அது மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச் சேர்கிறது. குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள் என்பதும், தரையை ஒட்டியே விளையாடுகிறார்கள் என்பதும் இங்கே முக்கியம்.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் இருப்பது பெரும்பாலும் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரையிலான பாதரசமே. பாதரசம் தண்ணீரைப்போல் பதின்மூன்றரை மடங்கு அடர்த்தியானது என்பதால் ஒரு கிராம் என்பது ஒரு சிறு மணியளவுதான் இருக்கும். ஆனால் அதன் மேற்பரப்பு இழுவிசை மிக அதிகம். அதனால்தான் அது தரையில் பரவாமல் முத்தாகத் திரண்டு உருள்கிறது. துடைப்பத்தால் கூட்டும்போது ஒவ்வொரு முத்தும் கண்ணுக்கே தெரியாத பல துளிகளாக உடைந்து, தரையின் இடுக்குகளிலும் கட்டில் காலடியிலும் போய்ப் பதுங்கிக்கொள்ளும். ஒரு பெரிய துளியைவிடப் பல சிறு துளிகளுக்குக் காற்றுபடும் பரப்பு அதிகம். ஆகவே ஆவியும் அதிகம். பதற்றத்தில் யாரும் செய்வதைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள். அதைச் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது.

குழந்தையையும், வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் அவரையும் அந்த அறைக்குள் விடாதீர்கள். அறையின் உட்கதவை மூடி, வெளியே திறக்கும் ஜன்னல்களைத் திறந்து, குறைந்தது ஒரு முழு நாள் காற்றோட்டம் இருக்கும்படி விடுங்கள். ஏசி இருந்தால் நிறுத்திவிடுங்கள். கையுறை அணிந்து, மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பாதரசம் தங்கத்தோடு சேர்ந்து ரசக்கலவையாகி, நகையில் வெள்ளைக் கறையாக ஏறிவிடும். விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால், நேராகப் பார்க்கும்போது தெரியாத சிறு துளிகள்கூடப் பளபளக்கும். இரண்டு தடித்த அட்டைத் துண்டுகளால் அவற்றை ஒன்றாகத் தள்ளி, சொட்டு மருந்துக் குழலால் உறிஞ்சி எடுங்கள். மிச்சமுள்ள பொடித் துளிகளை ஒட்டு நாடாவால் ஒற்றி எடுங்கள். எல்லாவற்றையும் இறுக மூடும் ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, அபாயகரமான கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். அந்தத் துடைப்பத்தையும், குப்பைக் கூடையில் உள்ளவற்றையும், துளி பட்ட படுக்கை விரிப்பையும் பையில் கட்டி அவற்றோடு சேர்த்துவிடுங்கள். விரிப்பைச் சலவை இயந்திரத்தில் போட்டால் இயந்திரமும் கழிவுநீரும் மாசுபடும். வேக்குவம் கிளீனரைப் பயன்படுத்தினால் அதன் சூடான காற்றே ஆவியை அறை முழுவதும் பரப்பும். கழிவறையிலோ சாக்கடையிலோ பாதரசத்தைக் கொட்டக் கூடாது. ப்ளீச்சோ அமோனியா கலந்த திரவமோ ஊற்றிக் கழுவவும் கூடாது.

ஒரு தெர்மாமீட்டர் உடைந்து, இப்படி முறையாகச் சுத்தம் செய்யப்பட்ட வீட்டில், நலமாக இருக்கும் குழந்தைக்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. ஆனால் அடுத்த சில நாட்களில் இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல் வந்தாலோ, அடுத்த சில வாரங்களில் கை நடுக்கம், காரணமற்ற எரிச்சல், தூக்கமின்மை, ஈறு வீக்கம், கை கால்கள் சிவந்து தோல் உரிதல் போன்றவை தெரிந்தாலோ, நடந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்த வகைப் பாதரசத்துக்குச் சிறுநீர்ப் பரிசோதனையே பொருத்தமானது. ரத்தத்தில் தெரியும் பாதரசத்தில் மீன் உணவு வழியாக வந்த மீத்தைல் பாதரசமும் கலந்திருக்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை இந்தக் கடைசி வரியிலேயே ஒளிந்திருக்கிறது. மீத்தைல் பாதரசத்திலும் இருப்பது அதே பாதரசம்தான். ஆனால் அதைக் குடல் ஏறத்தாழ முழுவதுமாக உறிஞ்சிக்கொள்ளும். ஜப்பானின் மினமாட்டா நகரில் ஒரு தொழிற்சாலையின் கழிவிலிருந்து கடலில் கலந்து, மீன் வழியாக மனிதர்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்து, 1956-இல் நோயாக அடையாளம் காணப்பட்டது அதுவே. ஒரு தனிமத்தின் பெயரை மட்டும் வைத்து அது நல்லதா கெட்டதா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அது எந்த வடிவத்தில் இருக்கிறது, உடலுக்குள் எந்த வழியாகப் போகிறது, எவ்வளவு போகிறது என்பவைதான் எங்களுக்குத் தெரிய வேண்டியவை.

எங்கள் துறையில் தினமும் பார்க்கும் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். கரையக்கூடிய பேரியம் உப்புகள் கொடிய நஞ்சு. இரைப்பை அமிலத்தில் கரையும் பேரியம் கார்பனேட் எலி மருந்தாகவே பயன்பட்டிருக்கிறது. ஆனால் உணவுக்குழாயைப் படம் எடுக்க வரும் நோயாளிக்கு, சுண்ணாம்புக் கரைசல் போன்ற வெள்ளைத் திரவம் ஒரு கோப்பை நிறையக் கொடுத்துக் குடிக்கச் சொல்கிறோம். அதில் இருப்பது பேரியம் சல்ஃபேட். அது தண்ணீரிலும் அமிலத்திலும் கரையாது என்பதால், எக்ஸ்ரே கதிர்களைத் தடுத்து வெள்ளையாகத் தெரியும் வேலையை மட்டும் செய்துவிட்டு, உள்ளே போனபடியே வெளியே வந்துவிடுகிறது. சாப்பாட்டு உப்பும் அப்படித்தான். தண்ணீர் பட்டால் தீப்பற்றும் உலோகம் சோடியம். 1915-இல் போர்க்களத்தில் மனிதர்களை மூச்சுத்திணறிச் சாகவைத்த வாயு குளோரின். இரண்டும் வினைபுரிந்து ஒன்றானால் அது நாம் உண்ணும் உப்பு.

இந்தக் கண்ணோடு நீங்கள் குறிப்பிட்டவற்றைப் பாருங்கள். அலுமினியம் காற்று பட்டதும் தன்மேல் ஆக்சைடு படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. உணவில் இறங்கும் சிறிதளவிலும் நூற்றில் ஒரு பங்குக்குக் குறைவாகவே குடலில் உறிஞ்சப்படுகிறது. அதையும் நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அலுமினியப் பாத்திரத்தில் சமைப்பதால் மறதி நோய் வரும் என்பது நிரூபிக்கப்படவில்லை. புளிப்பான உணவை அதில் நெடுநேரம் வைத்திருக்க வேண்டாம், அவ்வளவுதான். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் மட்டும் அலுமினியத்தில் உண்மையாகவே கவனமாக இருக்க வேண்டும். டயாலிசிஸ் தண்ணீரில் இருந்த அலுமினியம் மூளையைப் பாதித்ததை 1970-களில் மருத்துவர்கள் கண்டறிந்த பிறகே அந்தத் தண்ணீரைக் கடுமையாகச் சுத்திகரிக்கும் வழக்கம் வந்தது.

ஃபுளோரைடு பற்பசையையும் தூக்கி எறிய வேண்டாம். பல்லின் எனாமலில் உள்ள கனிமத்தோடு ஃபுளோரைடு சேரும்போது, அமிலத்துக்கு எளிதில் கரையாத பரப்பு உருவாகிறது. சொத்தையைத் தடுக்க அதைவிட எளிய வழி இல்லை. பற்பசையில் பத்து லட்சத்தில் 1,000 பங்கு ஃபுளோரைடு இருந்தால், பட்டாணி அளவான கால் கிராம் பசையில் இருப்பது கால் மில்லிகிராம் மட்டுமே. உங்கள் மகனின் வயதுக்கு அந்தப் பட்டாணி அளவு போதும். பிரஷ் முழுவதும் பிதுக்கிக் கொடுக்காதீர்கள், துப்பப் பழக்குங்கள். பல் உருவாகும் வயதில் தொடர்ந்து மிகுதியாக விழுங்கினால் பற்களில் வெள்ளைத் திட்டுகள் வரக்கூடும். குடிநீரில் எஞ்சியிருக்கும் குளோரின் வழக்கமாக லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. காலராவையும் டைபாய்டையும் தடுப்பது அது. குளோரினை நீங்கள் அஞ்ச வேண்டிய இடம் குளியலறை: ப்ளீச்சோடு அமிலக் கழுவியைக் கலந்தால் அங்கேயே குளோரின் வாயு கிளம்பும். அவை இரண்டையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள்.

நீங்கள் கேட்காத இரண்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்று இரும்பு. இரும்புச்சத்து என்ற பெயராலேயே அந்த மாத்திரைகளை யாரும் ஆபத்தானவையாக நினைப்பதில்லை. ஆனால் சேர்ந்துவிட்ட கூடுதல் இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியே கிடையாது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் தொடங்கலாம்; 60 மில்லிகிராமைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருந்தால், 16 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஐந்தாறு மாத்திரைகளே முதல் எல்லையைத் தொட்டுவிடும். முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பிறகு பல மணி நேரம் குழந்தை தேறிவிட்டதுபோல் இருக்கும். அந்த அமைதியை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டால், அடுத்து ரத்த அழுத்தம் சரிந்து கல்லீரல் செயலிழக்கும். மிட்டாய் போலப் பளபளக்கும் அந்த மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள்.

மற்றொன்று லித்தியம் பட்டன் பேட்டரி. ரிமோட், பொம்மை, எடை பார்க்கும் கருவி ஆகியவற்றில் இருக்கும், 20 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்ட பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டே மணி நேரத்தில் ஆழமான புண் ஏற்படலாம். அதற்கு லித்தியம் கசிய வேண்டியதில்லை. ஈரமான சதையின் வழியே மின்சாரம் பாய்ந்து, பேட்டரியின் எதிர்மின் முனையில் கடுமையான காரத்தை உண்டாக்குகிறது. எக்ஸ்ரேயில் அது நாணயம் போலவே தெரியும். விளிம்பில் இரட்டை வளையம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் நாங்கள் பிரித்தறிகிறோம். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகாமலும், குழந்தைக்கு ஒரு வயது கடந்தும் இருந்து, விழுங்கவும் முடிந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம். அது பேட்டரியைச் சுற்றிப் படிந்து அரிப்பைக் குறைக்கும். வேறு எதையும் உண்ணவோ பருகவோ கொடுக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது.

உடைந்ததற்குப் பதிலாக டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். அதிலும் சிறிய பட்டன் பேட்டரி ஒன்று இருக்கும். திருகாணி போட்டு மூடிய பேட்டரி அறை உள்ளதாகப் பார்த்து வாங்கி, காய்ச்சல் பார்த்து முடிந்ததும் மகனின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.