விண்டோஸ் 11-ல் பழைய முகப்பைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில், கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். போன வாரம் கம்ப்யூட்டரை விண்டோஸ் 11-க்கு மாற்றினோம். அன்றிலிருந்து அப்பா தடுமாறுகிறார். ஸ்டார்ட் பட்டன் நடுவில் போய் நிற்கிறது. திறந்திருக்கும் ஃபைல்களின் பெயர் கீழே தெரிவதில்லை. வலது கிளிக் செய்தால் காப்பி, பேஸ்ட் கண்ணில் படவில்லை. தமிழ், ஆங்கிலம் மாற்றும் பட்டையும் காணோம். பேசாமல் விண்டோஸ் 10-க்கே திரும்பிவிடலாமா?

பதில்: திரும்ப வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. ஊராரின் ஆதார் நகலும் பட்டா நகலும் வந்துபோகும் கம்ப்யூட்டர் உங்களுடையது. அதில் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன சிஸ்டத்தை ஓட்டக் கூடாது. அப்பாவுக்குப் பழகிய முகப்பைப் பெரும்பாலும் இதிலேயே கொண்டுவந்துவிடலாம். கை பழகிய வேகம்தான் மனு எழுதுபவரின் மூலதனம். வயதானவர் புதிதாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது சரியல்ல.

திரையின் அடியில் ஓடும் பட்டைதான் டாஸ்க்பார். அதன் காலி இடத்தில் வலது கிளிக் செய்து ‘டாஸ்க்பார் செட்டிங்ஸ்’ திறங்கள். கடைசியில் ‘டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்’ இருக்கும். அதில் ‘அலைன்மென்ட்’ என்பதை ‘லெஃப்ட்’ ஆக்கினால் ஸ்டார்ட் பட்டன் இடது மூலைக்கு வந்துவிடும். அங்கேயே ‘கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ்’ என்று தொடங்கும் வரியில் ‘நெவர்’ வையுங்கள். ஒவ்வொரு ஃபைலும் தன் பெயரோடு தனித்தனியாக நிற்கும். ஒரே நேரத்தில் நாலு பேர் மனு திறந்திருக்கும்போது இது இல்லாமல் வேலை ஓடாது. விண்டோஸ் 11 வந்த புதிதில் இந்த வசதி கிடையாது. 2023-ல்தான் திரும்ப வந்தது. அந்த வரியே இல்லையென்றால் முதலில் விண்டோஸ் அப்டேட்டை முடியுங்கள்.

வலது கிளிக் மெனுவில் காப்பி, பேஸ்ட் எங்கும் போகவில்லை. சிறு படங்களாக ஒரே வரிசையில் சுருங்கியிருக்கின்றன. ஷிஃப்ட்டை அழுத்தியபடி ஃபைல் மேல் வலது கிளிக் செய்தால் பழைய நீளமான மெனுவே வரும். விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து இதை நிரந்தரமாக்கவும் வழி உண்டு. தினமும் பிழைப்பு நடக்கும் கம்ப்யூட்டரில் அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன், ஷிஃப்ட் போதும்.

தமிழ் விஷயம்தான் முக்கியம். ‘செட்டிங்ஸ்’, ‘டைம் அண்ட் லாங்வேஜ்’, ‘டைப்பிங்’, ‘அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்’ என்று உள்ளே போங்கள். அங்கே ‘யூஸ் தி டெஸ்க்டாப் லாங்வேஜ் பார்’ என்ற கட்டத்தில் டிக் போட்டால் பழைய பட்டை திரும்பிவிடும். அதற்கு மேலேயே, ஒவ்வொரு விண்டோவுக்கும் தனி கீபோர்டு வைத்துக்கொள்ளும் கட்டமும் இருக்கிறது. அதையும் டிக் செய்யுங்கள். வேர்டில் தமிழும், ஆன்லைன் விண்ணப்பத்தில் ஆங்கிலமும் மாறி மாறி அடிப்பவருக்கு, ஒன்று மாறினால் மற்றதும் மாறிவிடும் தொல்லை தீரும். அவசரத்துக்கு விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினாலே மொழி மாறும். அப்பா தமிழ்99 கீபோர்டு முறையில் அடிப்பவர் என்றால் அது விண்டோஸிலேயே இருக்கிறது. பழைய டைப்ரைட்டர் முறைக்குத் தனி மென்பொருள் வைத்திருந்தால் அது அப்படியே இருக்க வேண்டும். ஹார்டு டிஸ்கைச் சுத்தமாக அழித்துப் புதிதாக நிறுவியிருந்தால் மட்டும் ஃபான்ட், கீபோர்டு எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டியிருக்கும்.

டெஸ்க்டாப்பில் ‘மை கம்ப்யூட்டர்’ வேண்டுமா? ‘பர்சனலைசேஷன்’, ‘தீம்ஸ்’, ‘டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ்’ போய் ‘கம்ப்யூட்டர்’ டிக் செய்யுங்கள். ஸ்டார்ட் மெனுவும் பழையபடி வேண்டும் என்றால் ‘ஓப்பன்-ஷெல்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2017-ல் வளர்ச்சி நின்றுபோன ‘கிளாசிக் ஷெல்’லின் தொடர்ச்சி அது. அதன் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். டாஸ்க்பாரையே மாற்றியமைக்கும் மற்ற கருவிகள் வேண்டாம். ஒரு பெரிய அப்டேட் வந்ததும் அவை சண்டை போடும். திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் கடை வாசலில் கூட்டம் நிற்கும்போது திரை வெறுமையாக நின்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

இத்தனைக்குப் பிறகும் ஒத்துவரவில்லை, ஏதாவது முக்கிய மென்பொருளே ஓடவில்லை என்றால், மாற்றிய 10 நாளுக்குள் ‘சிஸ்டம்’, ‘ரெக்கவரி’, ‘கோ பேக்’ வழியாகத் திரும்பலாம். அதுவரை, பழைய விண்டோஸ் பத்திரமாக இருக்கும் ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டரை இடம் பிடிக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள். அது போனால் திரும்பும் வழியும் போய்விடும்.

நீங்கள் கேட்காத ஒன்று. கடையில் இரண்டு பிரிண்டர் இருந்தால், ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ பக்கத்தில் டிஃபால்ட் பிரிண்டரை (தானாகத் தேர்வாகும் பிரிண்டரை) விண்டோஸே பார்த்துக்கொள்ளும் என்ற ஸ்விட்ச் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆனில் இருந்தால், கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரே டிஃபால்ட் ஆகிவிடும். கலரில் ஒரு போட்டோ போட்டதும் அடுத்த மனு கலர் இங்க்கில் வரும். அதை ஆஃப் செய்துவிட்டு, மனுவுக்கு ஓடும் லேசர் பிரிண்டரை நீங்களே டிஃபால்ட் ஆக்கிவிடுங்கள்.