எச்1பி வேலை விசாவில் இருக்கும்போது அந்த அட்டையில் கையெழுத்துப் போடாதே, தம்பி

தம்பி, நீ கேட்டது நாலு விஷயம். சிகாகோ பக்கத்து ஸ்கோக்கியில் வேலை கிடைத்து வந்து மூன்று வாரம் ஆகிறது, வீடு எங்கே பார்ப்பது, குளிருக்கு என்ன வாங்குவது, இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்று மூன்று. கடைசியில் ஒரு வரி: இந்தியக் கடைகள் நிறைந்த டெவன் தெருவில் கடை வாசலில் ஒருவர் அட்டையை நீட்டி, "இந்தியர் ஒருத்தர் தேர்தலில் நிற்கிறார், கையெழுத்துப் போடுங்க" என்றாராம், போடலாமா, இந்த இல்லினாய் மாநில செனட் 8ஆம் தொகுதி என்கிறார்களே அதனால் நமக்கு என்ன என்று. முதல் மூன்றுக்கும் உன் ஆபீஸில் இருக்கும் யாரும் பதில் சொல்லிவிடுவார்கள். கடைசி வரியைப் படித்ததும்தான் எனக்குப் பகீர் என்றது.

போடாதே. நீ எச்1பி. அது வேட்புமனுவோடு சேர்க்கிற பெட்டிஷன். கையெழுத்துப் போடுகிறவர் அந்தக் கட்சியின் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில், ஓட்டுப்போடத் தகுதியுள்ள வாக்காளர் என்று அதன் தலைப்பிலேயே அச்சடித்திருக்கும். மாநிலத்தின் மேலவையான செனட்டுக்கு நிற்கிறவருக்குக் குறைந்தது 1,000 கையெழுத்து வேண்டும், கீழவையான ஹவுஸ் தொகுதிக்கு 500. எதிராளி ஒவ்வொரு வரியாக எடுத்து வைத்து, இவர் வாக்காளர் இல்லை, இவர் வேறு தொகுதி என்று அடித்துத் தள்ளுவதுதான் சிகாகோவில் காலம்காலமாக நடக்கும் வித்தை. உன் கையெழுத்தால் அந்த வேட்பாளருக்கும் நன்மை இல்லை, உனக்கோ பின்னால் தலைவலி. இல்லினாயில் அட்டையைத் தூக்கிக்கொண்டு கையெழுத்து வாங்குகிறவரும் குடிமகனாக இருக்க வேண்டும், அதனால் "ஆள் குறைகிறது, நீங்களே நாலு பேரிடம் வாங்கித் தாங்க" என்றாலும் தலையாட்டாதே.

நான் போட்டேன், தம்பி. 1997 ஜனவரியில் வந்தவன், அந்த வருடம் இலையுதிர் காலத்தில் இதே டெவனில், பையில் புளியும் பருப்பும் சுமந்துகொண்டு வெளியே வரும்போது ஒருவர் சிரித்துப் பேசினார். இந்த ஊரில் ஒரு மனிதன் நின்று என்னிடம் பேசினானே என்ற சந்தோஷத்திலேயே பேனாவை வாங்கிவிட்டேன். ஊரில் அப்பா ஒவ்வொரு தேர்தலுக்கும் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவர், தேர்தல் என்றாலே எனக்குக் கை பரபரக்கும். வீட்டுக்கு வந்து மாடியில் குடியிருந்த மலையாளி அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, என்னை இழுத்துக்கொண்டு திரும்பப் போனார். நல்லவேளை, அந்த ஆள் அங்கேயே நின்றிருந்தார், என் வரியை அடித்துக் கொடுத்தார். அன்று அந்த அண்ணன் இல்லையென்றால் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? 2011-ல் குடியுரிமை நேர்காணலில், எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, அமெரிக்கக் குடிமகன் என்று சொல்லிக்கொண்டீர்களா என்று அதிகாரி கேட்டபோது மனசில் முதலில் வந்தது அந்தப் பேனாதான்.

இன்னும் இரண்டு. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போகும்போது வாக்காளர் பதிவு பற்றிக் கேட்பார்கள், நிதானமாகப் படித்து, வேண்டாம் என்று சொல். வரிசை நீளம் என்று கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் சரி போட்டவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது பணம். விசாவில் இருக்கிறவர் எந்தத் தேர்தலுக்கும் நன்கொடை தரக்கூடாது, 10 டாலர் விருந்து டிக்கெட் என்றாலும் அதேதான். கிரீன் கார்டு வந்தால் கொடுக்கலாம், ஓட்டு அப்போதும் இல்லை. சம்பளமில்லாமல் நாற்காலி தூக்கிப் போடுவது, கூட்டத்துக்குப் போய் உட்காருவது இதற்கெல்லாம் தடை இல்லை. அதற்கு மேல் சந்தேகம் வந்தால் வக்கீலிடம் கேள், வாட்ஸ்அப் குழுவில் கேட்காதே.

சரி, இந்தத் தொகுதியால் நமக்கு என்ன என்று கேட்டாய். நம் ஆட்களிடம் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான். ஊரில் 234 தொகுதியிலும் யார் எத்தனை ஓட்டில் ஜெயித்தார் என்று ஒப்பிப்பார்கள், தான் குடியிருக்கும் செனட் தொகுதியின் எண் தெரியாது. யாராவது இந்தியப் பெயரில் நின்றால் மட்டும் "நம்ம ஆளா?" என்று ஒரே கேள்வி.

நான் வந்தபோது இங்கே செனட்டர் ஹோவர்ட் கேரல். 1998-ல் அவர் அமெரிக்க காங்கிரஸுக்குத் தாவப் பார்த்தார். ஜனநாயகக் கட்சி பிரைமரியில் மூன்று பேர், ஜெயித்தது ஜேன் ஷகோவ்ஸ்கி, கேரல் இரண்டாவது, மூன்றாவதாக வந்த பணக்காரப் பையன் ஜே. பி. பிரிட்ஸ்கர். 2018-ல் கவர்னராக ஜெயித்தாரே, அவரேதான். கேரல் விட்ட இடத்துக்கு ஆசாரமான யூதரான ஐரா சில்வர்ஸ்டீன் வந்தார், 1999-லிருந்து சுமார் இருபது வருடம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டெவன் ஓடும் மேற்கு ரோஜர்ஸ் பார்க் வட்டாரத்து ஆசாரமான யூதர்கள் சனிக்கிழமை கார் ஓட்டமாட்டார்கள், ஜெபாலயத்துக்கு நடந்து போகிற தூரத்திலேயே குடியிருப்பார்கள். அதனால் அவர்கள் ஓட்டு நாலு தெருவுக்குள் திரண்டு நிற்கும். நாமோ டெவனில் புடவையும் மளிகையும் வாங்கிவிட்டு, பள்ளி மதிப்பெண் பார்த்து நேப்பர்வில், ஷாம்பர்க் என்று தூரத்துப் புறநகர்களில் வீடு வாங்கிப் போய்விட்டோம். தெருவுக்குக் காந்தி மார்க் என்று கௌரவப் பெயர்ப் பலகை கிடைத்தது, ஓட்டு சிதறிப் போனது. என் கூட வந்தவர்கள் எல்லாரும் போனார்கள், நான் போகவில்லை. பிள்ளைகள் இங்கேதான் படித்தார்கள், நன்றாகவே இருக்கிறார்கள்.

முன்னால் இன்னொரு முறை இருந்தது, எனக்கு முந்தைய காலம். ஹவுஸ் தேர்தலில் ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று உறுப்பினர், வாக்காளருக்கு மூன்று ஓட்டு, மூன்றையும் ஒரே ஆளுக்கே குத்தலாம். 1980-ல் ஒரு வாக்கெடுப்பில் அதை ஒழித்து, ஹவுஸை 177 பேரிலிருந்து 118 ஆக வெட்டினார்கள். செலவு மிச்சம் என்றார்கள். அது இருந்திருந்தால் டெவன்காரர்கள் மூன்று ஓட்டையும் சேர்த்துக் குத்தி எப்போதோ ஓர் ஆளை அனுப்பியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

தொகுதி எல்லை வரைவதைக் கேட்டால் அசந்துபோவாய். இரு கட்சியும் ஒத்துப்போகாவிட்டால் குலுக்கல். 1981, 1991, 2001 மூன்று தடவையும் ஒரு சீட்டை எடுத்துத்தான் யார் வரைபடம் என்று முடிவானது. 1991-ல் சீட்டு குடியரசுக் கட்சிக்கு விழுந்தது, அடுத்த வருடமே செனட் அவர்கள் கைக்குப் போனது. ஒரு துண்டுச் சீட்டுக்குப் பத்து வருடம். 2011-லும் 2021-லும் கவர்னரும் இரு அவையும் ஜனநாயகக் கட்சியிடமே இருந்ததால் குலுக்கலுக்கு வேலை இல்லாமல் அவர்களே வரைந்துகொண்டார்கள்.

2018 மார்ச் பிரைமரியில் ராம் வில்லிவலம் சில்வர்ஸ்டீனைத் தோற்கடித்தார். இல்லினாய் செனட்டுக்குப் போன முதல் ஆசிய அமெரிக்கர். இங்கே பிரைமரியில் ஜெயித்தால் நவம்பர் பொதுத்தேர்தல் பெரும்பாலும் சடங்குதான், அதனால் மார்ச்சில் ஓட்டுப்போடாதவர் ஓட்டுப்போடாதவரே. அப்புறம் அவர் செனட்டிலும் ஜெனிஃபர் காங்-கெர்ஷோவிட்ஸ் ஹவுஸிலும் கொண்டுவந்த சட்டத்தால், ஆசிய அமெரிக்கர் வரலாற்றை அரசுப் பள்ளிகளில் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்று 2021-ல் நாட்டிலேயே முதல் மாநிலமாக இல்லினாய் விதித்தது. உனக்குப் பிள்ளை பிறந்தால் அதுதான் படிக்கும். இதைவிட வேறென்ன "நமக்கு" வேண்டும்?

ஒரு செனட் தொகுதிக்குள் இரண்டு ஹவுஸ் தொகுதி. இதில் ஒன்று 16. லூ லாங் 1987-லிருந்து 2019 தொடக்கம் வரை அசையாமல் இருந்த இடம். அவர் விலகியதும் நியமனமான காலிஷ், கருக்கலைப்பு உரிமை மசோதாவில் ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் "வந்திருக்கிறேன்" என்று மட்டும் பதிந்தார், 2020 பிரைமரியில் டெனிஸ் ஸ்டோன்பேக்கிடம் தோற்றார். அதே பிரைமரியில் தோற்ற மலையாளிப் பையன் கெவின் ஒலிக்கல், 2022-ல் மறுபடி நின்று ஸ்டோன்பேக்கை வென்றார். தோற்றதும் ஊரை விட்டுப் போகவில்லை, அதே தெருக்களில் திரும்பக் கதவு தட்டினார். எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான்.

நீ ஏற்கெனவே அந்த அட்டையில் போட்டுவிட்டாயா என்று எழுதவில்லையே. போட்டிருந்தால் இன்றைக்கே போய் அந்த ஆளைத் தேடு, மனு இன்னும் தாக்கல் ஆகவில்லை என்றால் உன் வரியை அடித்துத் தரச் சொல். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சனிக்கிழமை காலை நான் வருகிறேன்.