எழுதும் வேட்கைக்கு வயது உண்டா?

கேள்வி: கல்லூரி நாட்களில் ஒரே இரவில் நாலைந்து கவிதைகள் எழுதியவன் நான். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் நேரம் தாராளமாக இருந்தும் ஒரு பக்கத்தைக்கூட முடிக்க இயலவில்லை. வயது ஏறினால் படைப்பூக்கம் வற்றிவிடும் என்பதற்கு ஜெயகாந்தனே சான்று என்கிறார்கள் நண்பர்கள். உண்மைதானா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஜெயகாந்தன் பிற்காலத்தில் புனைகதை மிகக் குறைவாகவே எழுதினார். ஆனால் அதை முதுமையின் மேல் சுமத்துவது சரியல்ல. பதின்வயதிலேயே எழுதத் தொடங்கிய அவர், 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோது நாற்பதைக்கூட எட்டவில்லை; எழுத்தின் வேகம் தணிந்தபோதும் அவர் முதியவர் அல்லர். கி. ராஜநாராயணனோ முப்பதைக் கடந்த பிறகே எழுத வந்தவர். 1976-இல் ‘கோபல்ல கிராமம்’ வெளியானபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். தொண்ணூறுக்குப் பிறகும் எழுதிக்கொண்டிருந்தார்.

படைப்பாளிகளின் வாழ்நாள் உழைப்பை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் டீன் கீத் சைமன்டன், ஒருவர் பிறந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதைவிட, அத்துறையில் படைக்கத் தொடங்கி எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதே ஆக்கத்தின் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிக்கிறது என்கிறார். கவிஞர்கள் முன்னதாகவும் நாவலாசிரியர்கள் சற்றுப் பிந்தியும் உச்சத்தைத் தொடுவதாகவும் அவர் கண்டிருக்கிறார். ஆகவே, உங்களிடம் குறைந்திருப்பது ஓர் இளைஞனின் கவிதை வேகம் மட்டுமே. உரைநடையில் நீங்கள் இன்னும் தொடங்கவே இல்லை.

வயது எதையும் பறிப்பதில்லை என்று ஆறுதலுக்காகச் சொல்ல மாட்டேன். கண் களைக்கிறது, முதுகு ஒத்துழைப்பதில்லை, தேடும் சொல் உடனே வந்து நிற்பதில்லை. ஆயினும் எழுத்தைத் தடுப்பவை இவை என்று நான் நம்பவில்லை. நாற்பது ஆண்டுகளாகப் படித்துப் படித்து நீங்கள் தேர்ந்த வாசகராகிவிட்டீர்கள். அந்த வாசகர் உங்கள் முதல் வரியையே ஏற்க மறுக்கிறார். கல்லூரிக் காலத்தில் அவர் உங்களுக்குள் இல்லை, அதனால்தான் ஓர் இரவில் நாலைந்து கவிதைகள் வந்தன. முதல் படி முடியும்வரை அவருக்கு வேலை கொடுக்காதீர்கள், திருத்தும்போது அழைத்துக்கொள்ளலாம்.

1855-இல் பிறந்த உ. வே. சாமிநாதையர், ஏடுகளைத் தேடுவதிலும் பதிப்பிப்பதிலும் பல பத்தாண்டுகளைச் செலவிட்டுவிட்டு, ‘என் சரித்திரம்’ தொடரை ஆனந்த விகடனில் 1940-இல்தான் தொடங்கினார். 1942-இல் அவர் மறைந்ததால் நூல் முற்றுப்பெறவில்லை. ஆனாலும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட நாட்களை அதில் படிக்கும்போது, அத்தனை காலம் மனத்தில் கிடந்து தெளிந்ததால் மட்டுமே வரக்கூடிய நிதானத்தை உணர்கிறோம். முப்பது வயதில் எழுதியிருந்தால் அது வேறொரு நூலாகவே இருந்திருக்கும். நீங்கள் பாடம் நடத்திய வகுப்பறைகளைப் பற்றி எழுதுங்கள். உங்களுக்கு அந்தத் தொலைவு இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

கேள்வி: எனக்கு வயது இருபத்து நான்கு. வாழ்க்கை அனுபவம் போதாதென்று தோன்றுவதால், நாற்பதுக்குப் பின் எழுதலாம் என்று காத்திருக்கிறேன். சரியா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: தயவுசெய்து காத்திருக்காதீர்கள். 1906-இல் பிறந்த புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தபோது அவருக்கு வயது 42. நாற்பது வரட்டும் என்று அவர் இருந்திருந்தால், தமிழ்ச் சிறுகதையின் மிக வளமான பகுதி ஒன்று நமக்குக் கிடைத்திருக்காது. முதல் வேலை, விடுதி அறை, வீட்டில் நடக்கும் திருமணப் பேச்சு ஆகியவற்றை நாற்பதில் நீங்கள் நிதானமாக நினைவுகூர்வீர்கள். ஆனால் இன்றைய கோபமும் கூச்சமும் அப்போது அதே அளவில் இருக்காது. சிறுகதையாக வராவிட்டால் நாட்குறிப்பாகவேனும், தேதியிட்டு, இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள்.