ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமை, அதீதத் துறுதுறுப்பு) உள்ள பிள்ளைகளை வெளியே இயற்கையான இடங்களுக்குக் கூட்டிப்போவதால் உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு. ஆனால் எந்த இடம் என்பதைப் பொறுத்தது. இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், யாரோ "பீச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க, சரியாயிடும்" என்று சொல்லி, நீங்களும் போய் நொந்து திரும்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்கும் ஊரெல்லாம் அதைத்தான் சொன்னது.

என் மகனுக்கு ஆட்டிசம். பேச்சு குறைவு. நாகர்கோவிலில் இருக்கிறோம், சங்குத்துறை பீச் பக்கம்தான். ஞாயிறு சாயங்காலக் கூட்டம், அலைச்சத்தம், முகத்தில் அடிக்கிற மணல் எல்லாம் சேர்ந்தால் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவான். அதே பிள்ளை திருவட்டாறு பக்கம் பாட்டா வீட்டுக்குப் போனால் வேறு ஆள்.

பாட்டா, அதாவது என் மாமனார், ரப்பர் பால் வெட்டுகிறவர். (தோட்டம் வேறொருவருடையது. "வசதி உள்ளவங்க பேச்சு" என்று யாரும் கமெண்டில் வர வேண்டாம்.) அங்கே மரங்கள் வரிசை பிடித்து நிற்கும், பால் வடிய மரத்துக்கு ஒரு சிரட்டை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த இடம்தான் அவனுக்கு நிம்மதி. சிரட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை நகத்தால் நெம்பி, மெதுவாக உரித்து, இழுத்து இழுத்துப் பார்ப்பான். அந்த நாற்றம் எனக்கே குமட்டும். வீட்டில் மீன் பொரித்தால் மாடிக்கு ஓடுகிறவன் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பால் எடுக்கும் நேரத்தில் பாட்டா "மக்களே, பிடி" என்று சின்ன வாளியை நீட்டுவார். ஒரு சொட்டு சிந்தாமல் மேட்டில் தூக்கிக்கொண்டு ஏறுவான். அன்றைக்கு ராத்திரி தூக்கம் சீக்கிரம் வரும்.

எங்கள் ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பிள்ளையைப் பழக்குகிறவர்) சொன்ன காரணம் இது: கனம் தூக்குவது, இழுப்பது, மேடு ஏறுவது எல்லாம் தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் கொடுக்கும், பல பிள்ளைகளுக்கு அது உடம்பை அமர்த்தும். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளைப் பற்றி அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 7 முதல் 12 வயதுக்குட்பட்ட 17 பிள்ளைகள். பூங்காவில் 20 நிமிடம் நடந்த பிறகு, நகரத் தெருவில் நடந்ததைவிடக் கவனம் நன்றாக இருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் நடக்கக் காசு வேண்டாமே.

தெரப்பியை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆட்டிசம் "குணமாகும்" என்றும் சொல்லவில்லை. நான் டாக்டரும் இல்லை. பிள்ளை கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கிறான், அது போதாதா?

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் மேல் ஈர்ப்பு அதிகம், கண் மறைந்தால் தண்ணீரைத் தேடிப் போய்விடுவார்கள். நம் மாவட்டத்தில் திரும்பின பக்கமெல்லாம் குளமும் கால்வாயும். கையை விடாதீர்கள். ரப்பர் தோட்டம் என்றால் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிற கொட்டகைப் பக்கம் விடக்கூடாது, அங்கே ஆசிட் இருக்கும். கொசுவும் உண்டு, முழுக்கைச் சட்டை போடுங்கள்.

அப்புறம், கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. இவன் படித்த பள்ளியில் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குச் சுற்றுலா போனார்கள். "உங்க பையன் வேண்டாம், டீச்சரால பார்த்துக்க முடியாது" என்றார்கள். நானும் கூட வருகிறேன் என்றேன். அதற்கும் முடியாதாம். 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றப் பிள்ளைகளோடு சேர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. எடுத்துச் சொன்னால் "அதெல்லாம் கவர்மெண்ட் ஸ்கூலுக்கு" என்கிறார்கள். இதைப் படிக்கிற ஆசிரியர் யாராவது இருந்தால், அடுத்த தடவை அந்த ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சரி, உங்கள் பிள்ளைக்கு எந்தச் சத்தம், எந்த வாசனை ஆகாது என்று எழுதுங்கள். நாகர்கோவில் சுற்றுவட்டாரம் என்றால் எனக்குத் தெரிந்த கூட்டமில்லாத இடங்களைச் சொல்கிறேன்.