தினமும் இரண்டு மடக்குக் கத்திகள் தேவையா?

ஒன்றுக்கு மேற்பட்ட மடக்குக் கத்திகளை அன்றாடம் கூடவே வைத்திருப்பது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்கிறீர்கள். இரண்டு ஒத்துவரும், மூன்றாவது வெறும் ஆசை.

பார்சல் பிரித்த கத்தியில் டேப்பின் பசை பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். அதே அலகால் கொய்யா நறுக்கித் தின்ன எனக்கு மனம் வருவதில்லை. ஆகவே அட்டைப்பெட்டிக்குச் சாவிக்கொத்தில் விக்டோரினாக்ஸ் கிளாசிக் என்ற, மடக்கினால் 58 மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டிக் கத்தி. பழத்துக்குத் தோள்பையில் ஓபினல் 8 என்ற சற்றுப் பெரிய மடக்குக் கத்தி. சின்னது இருப்பதே தெரியாது. ஓபினலில் கார்பன் எஃகு வகை எலுமிச்சை பட்டால் கறுக்கும், ஈரத்தோடு மடக்கினால் துருவேறும். சோம்பேறிகள் (நானும்தான்) துருப்பிடிக்காத எஃகு வகையை வாங்கலாம்.

விமானத்தில் கைப்பையில் இரண்டையும் வைக்காதீர்கள். பிரிட்டனில் பொது இடத்தில் காரணமின்றி வைத்துக்கொள்ள, அலகு 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டில்லாத மடக்குக் கத்திக்கே அனுமதி. வளையம் திருகிப் பூட்டும் ஓபினல் 8 அதில் சேராது.